பெயரைச் சொல்லச் சொன்ன டாக்டர்

எங்கள் சபையில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பார்த்த வேலை, பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் இருக்கும் ஊர்கள். ஒரு ஆயுள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுக்கு அப்படி வாசித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் தடுப்பூசி போட்டவர், பிரசவம் பார்த்தவர். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் காணிக்கைக் கணக்கு எழுதியவரும் அவர்தான். குறிப்பில் எல்லாமே சரியாக இருந்தது. ஆனால் கோயிலின் பின்வரிசைகளில் எங்களில் பலருக்கு முகம் தெரியாத பெண்கள் நிறைந்திருந்தார்கள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் தவித்தார்கள். வெளியே வந்ததும் அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "எனக்கு நாள் தள்ளிப்போனதைக்கூட எங்க அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி இவங்ககிட்டத்தான் சொன்னேன்." வாசித்த குறிப்பில் இது இல்லை. எப்படி இருக்கும்?

ஒருவர் போன பிறகு அவரிடமிருந்து எது யாரிடம் தங்குகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் டாக்டர் மேபெல் ஆரோலே நினைவுக்கு வருகிறார்.

மேபெல் 1935இல் ஜபல்பூரில் பிறந்தவர். தந்தை அங்கே இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் கற்பித்த பேராசிரியர். மகள் மருத்துவம் படிக்க வந்தது நம் வேலூருக்கு, ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு. கூடப் படித்த ரஜனிகாந்த் ஆரோலேயை 1960இல் மணந்தார். ஏழைக் கிராமங்களுக்கே உழைப்பது என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவோடுதான் அந்த மணவாழ்க்கை தொடங்கியது.

மகாராஷ்டிரத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் சில வருடங்கள் இருவரும் வேலை பார்த்தார்கள். நாள் முழுக்கக் கூட்டம். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தை குணமாகி வீட்டுக்குப் போகும், அடுத்த மாதம் அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வரும். மருந்து கொடுத்து அனுப்பிய வீட்டில் நல்ல தண்ணீர் இல்லை, சோறும் இல்லை. வேறொருவராக இருந்தால் இன்னும் பத்துக் கட்டில் போடச் சொல்லியிருப்பார். இவர்கள் அமெரிக்கா போய், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, 1970இல் அன்றைய அகமதுநகர் மாவட்டத்திலுள்ள ஜாம்கேடுக்கு வந்து சேர்ந்தார்கள். மழை பொய்க்கும் வறண்ட பூமி. கைவிடப்பட்ட கால்நடை மருந்தகம் ஒன்றில்தான் முதலில் வைத்தியம் பார்த்தார்கள்.

ஊருக்கு ஒரு நர்ஸை அனுப்பித் தங்கவைப்பது என்றுதான் திட்டம். அது நடக்கவில்லை. படித்துவிட்டு வெளியிலிருந்து வந்த இளம்பெண்ணால் அந்தக் கிராமத்தில் தனியாகத் தங்க முடியவில்லை. கிராமத்துப் பெண்களும் அவளிடம் மனம் திறக்கவில்லை. அப்போதுதான் இன்னொரு யோசனை பிறந்தது. ஒவ்வொரு ஊரும் தன்னிலிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், அவளுக்குக் கற்றுக்கொடுப்போம். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலித் பெண்கள் இருந்தார்கள், கணவன் கைவிட்டவர்கள் இருந்தார்கள், விதவைகளும் இருந்தார்கள்.

அவர்களிடம் பெயரைக் கேட்டால், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றுதான் பதில் வந்ததாம். சொந்தப் பெயர் வாயில் வரவில்லை. அதனால் பயிற்சியில் ஒரு கண்ணாடி வைத்தார்கள். அதற்கு முன்னால் நின்று தன் முகத்தைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். தயக்கம் போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும்.

முதன்முதலாக இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உப்பு சர்க்கரைக் கரைசலும் தொப்புள்கொடி வெட்டும் சுத்தமான பிளேடும் பிறகு வந்தவை. முதல் பாடம் பெயர். தன் பெயரையே சொல்லக் கூசுகிற பெண், மாமியாரை எதிர்த்து, "பச்சைப்பிள்ளைக்குச் சீம்பாலைக் கொடு" என்று எந்த வீட்டு வாசலில் போய் நின்று சொல்லுவாள்?

இரவில் எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பெரிய போர்வையின் கீழ் வரிசையாகப் படுத்தார்கள், சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். பஞ்சக் காலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, கைப்பம்பு தலித் குடியிருப்புக்குள் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் அங்கேதான் வர வேண்டும். சாதியைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பம்பு அளவுக்கு ஒன்றும் சாதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

1971இல் அந்தக் கிராமங்களில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துபோயின. ஐந்தே ஆண்டுகளில், 1976இல், அது 52 ஆகக் குறைந்தது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள். 1978இல் உலக நாடுகள் அல்மா அத்தாவில் கூடி ஆரம்பச் சுகாதாரத்தைப் பற்றிப் பிரகடனம் செய்வதற்கு முன்பே, ஜாம்கேடின் அனுபவத்தை உலகச் சுகாதார நிறுவனம் தன் புத்தகம் ஒன்றில் சேர்த்திருந்தது. 1979இல் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபெல் 1999இல் காலமானார்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். முதியோர் உதவித்தொகை வாங்க வரும் பாட்டிகளுக்குக் கவுண்டரை விட்டு எழுந்துபோய்ச் சலான் நிரப்பிக்கொடுப்பேன். மகராசியா இரு என்று வாழ்த்துவார்கள். அதைப் பெரிய உதவி என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். ஒருத்திக்காவது கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருக்கலாம். பாஸ்புத்தகத்தில் வரவு எது, பற்று எது என்று காட்டியிருக்கலாம். அதற்கு நேரமில்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. அவர்கள் மறுபடியும் என்னைத் தேடி வருவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

பணத்தைக் கொடுப்பது சுலபம், நேரத்தைக்கூடக் கொடுத்துவிடலாம். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, அது இருப்பதால்தான் நாலு பேர் என்னை மதிக்கிறார்கள் என்ற ஒன்றை, இன்னொருத்தி கையில் முழுதாக எடுத்துக் கொடுப்பதுதான் கடினம். வேலூரிலும் அமெரிக்காவிலும் கற்ற வைத்தியத்தை மேபெல் அப்படித்தான் கொடுத்தார். கிராமத்துப் பெண்ணின் கை பிரசவம் பார்த்தது, அவள் காது குழந்தையின் மூச்சைக் கேட்டு நிமோனியாவைக் கண்டுகொண்டது. ஜாம்கேடின் பெண் ஒருவர் பின்னாளில் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் பேசியபோது, மேலே தொங்கிய சரவிளக்கையும் கிராமத்து அகல்விளக்கையும் ஒப்பிட்டாராம். சரவிளக்கு அழகு, விலை அதிகம், அது இன்னொரு விளக்கை ஏற்றாது. டாக்டர்கள் நிறைந்த சபையில் அதைச் சொல்லும் துணிவு அந்தக் கண்ணாடியின் முன்னால்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் சபைகளில் ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், கைப்பிரதி என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இறையியல் பேராசிரியரின் மகள் செய்த ஊழியத்தில் மேடை இல்லை. மராத்திக் கிராமத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, படிக்காத பெண்களோடு சேர்ந்து சாப்பிட்டு, தெரிந்ததையெல்லாம் அவர்களிடம் விட்டுவிட்டுப் போனார். எங்கள் நர்ஸம்மாவும் அவருக்கு எட்டிய அளவில் அதைத்தான் செய்திருக்கிறார். பின்வரிசைகளில் நின்று தவித்த பெண்களே அதற்குச் சாட்சி.

2005இல் கிராமங்களுக்கு ஆஷா என்ற பெண் சுகாதாரப் பணியாளர்களை நியமிக்கும் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்கு முன்னோடிகளில் ஒன்று ஜாம்கேட். ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று முறையாக இல்லை, செய்த வேலைக்கு ஊக்கத்தொகைதான். இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறார். என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, "காலையில சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போவார். "பிபி பாக்குற பொண்ணு வந்திருக்கு" என்றுதான் நான் உள்ளே குரல் கொடுப்பேன். இரண்டு வருடம் அப்படியே கூப்பிட்டிருக்கிறேன். நர்ஸம்மாவின் அடக்கம் முடிந்த வாரம்தான் அவர் பெயரைக் கேட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள்.