மேளத்துக்கு விலை பேசுதல்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடப்பது கொக்கிளாய். மீன்பிடியே ஊரின் முதன்மைத் தொழில். இத்தகைய ஓர் ஊரிலே சைவத் திருமணமொன்று நிச்சயமாகுமிடத்து, பந்தல், சமையல், குருக்கள் என்பவற்றோடு மேளமும் பேசப்படுதல் வேண்டும். பொன்னுருக்கல் தொடங்கித் தாலிகட்டு ஈறாக நாதஸ்வரமும் தவிலும் ஒலியாத வீட்டை மணவீடென ஊரார் எளிதில் ஒப்புவதில்லை. இக்கலைக்குப் பேர்போன இணுவில், அளவெட்டி முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து ஒரு குழு அழைக்கப்படுமாயின், அது ஆனையிறவு கடந்து, பரந்தனிற் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவுக்கு வந்து, பின்னரும் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். விடியற்கால முகூர்த்தமெனில் முதல்நாளே புறப்பட்டாக வேண்டும்.

இவையெல்லாம் பேசி முடிந்தபின் இரு தரப்பாரும் தயங்குகின்ற ஓரிடம் உண்டு. “பாத்துச் செய்யுங்கோ” என்பார் மேளகாரர். “உங்களுக்குக் குறை வைக்கமாட்டம்” என்பார் பெண்ணின் தகப்பனார். இரண்டும் நல்ல வார்த்தைகளே. ஆயினும் எவ்வளவு என்ற கேள்வி விடையின்றியே கிடக்கின்றது. கூறைச்சேலைக்குக் கடையிலே விலை கேட்கக் கூசாத தகப்பனார் ஈண்டு கூசுவதேன்? பந்தற்காரர் வெளிப்படையாகச் சொல்லும் கணக்கை மேளகாரர் மென்று விழுங்குவதேன்? கலைக்கு விலை கூறுதல் முறையாகுமா, ஆகுமெனின் எதனை அளவாகக் கொண்டு கூறுவது என்னும் பழைய வினாக்கள் இக்கூச்சத்தின் அடியிலே கிடக்கின்றன.

மணவீட்டிலே பணம் கைமாறும்போது வழங்கும் சொற்களை நோக்கினாலே ஓருண்மை புலப்படும். குருக்களுக்குக் கொடுப்பது தட்சணை. சமையற்காரருக்குக் கொடுப்பது சம்பளம். பந்தற்கால் நட உதவியவருக்குக் கொடுப்பது கூலி. மேளகாரருக்குக் கொடுப்பதையோ, அவரை மதிப்போர் சன்மானம் என்பர்; மதியாதோர் மேளக்கூலி என்பர். கைமாறும் தாள்கள் ஒன்றே. பெயர்தான் பெறுபவனின் படிநிலையைச் சுட்டுகின்றது. கலைஞனுடைய இடம் கோயிலுக்கும் அடுக்களைக்கும் நடுவே எங்கேயோ ஊசலாடுவதனாலேயே அவனுக்குரிய தொகையின் பெயரும் ஊசலாடுகின்றது போலும்.

இசைக்கு ஊதியம் என்னும் பொருள் பற்றி அரிஸ்டோட்டில் தமது நிக்கமாக்கிய ஒழுக்கவியலின் ஒன்பதாம் நூலிலே ஒரு கதை கூறுகின்றார். ஒருவன் யாழிசைப்போன் ஒருவனை அழைத்து, எவ்வளவு நன்றாகப் பாடுகின்றாயோ அவ்வளவு மிகுதியாகத் தருவேன் என வாக்களித்தான். பாடகன் இரவு பாடினான். காலையில் ஊதியம் கேட்டான். அழைத்தவனோ, நேற்று நீ எனக்கு இன்பம் தந்தாய், பெருந்தொகை கிடைக்குமென்ற எதிர்பார்ப்பினால் நானும் உனக்கு இன்பம் தந்தேன், இன்பத்துக்கு இன்பம் சரியாயிற்று என்றான். இருவரும் இன்பத்தையே நாடியிருந்தால் இது நேர்மையாகலாம். ஒருவன் இன்பத்தையும் மற்றவன் பொருளையும் நாடியவிடத்து இது நேர்மையன்று என்பது அரிஸ்டோட்டிலின் முடிபு. அவர் மேலும் ஒன்று கூறுவர். பெறுபவனே பொருளின் மதிப்பைக் கூறலாம். ஆனால் பெற்றபின் தோன்றும் மதிப்பையன்றி, பெறுமுன் தான் எண்ணிய மதிப்பையே கூறவேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கருத்து கொக்கிளாய்த் தகப்பனாருக்கும் அப்படியே பொருந்துகின்றது. கெட்டிமேளத்துக்காகக் காத்திருக்கும் கணத்தில் அவர் அதற்கு எதையும் கொடுப்பார். பந்தியெல்லாம் முடிந்து, கடன்காரரின் முகங்கள் நினைவுக்கு வரும் பிற்பகலிலே, அதே ஓசை அவருக்குச் சற்று மலிவாகத்தான் தோன்றும். இதனை அவரது தீக்குணம் எனக் கொள்ளவேண்டியதில்லை. மனித மனத்தின் இயல்பு இது. பேச்சு முன்னரே முடிந்திருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்தார்க்கு வேறொரு முறை நன்கு பழக்கமானது. கரைவலைத் தொழிலில் சம்மாட்டிக்கும் வலை இழுப்போருக்கும் பிடிபட்டதிலே பங்கு உண்டு. மீன் பட்டால் எல்லோருக்கும் பட்டது. படாவிடின் எல்லோருக்கும் இல்லை. மேளத்துக்கும் இத்தகைய முறை ஏற்குமா, நன்றாக வாசித்த நாளில் கூடவும் சோர்ந்த நாளில் குறையவும் கொடுத்தாலென்ன எனக் கரையூரான் ஒருவன் கேட்பானாயின் அதில் வியப்பில்லை. ஆனால் மீன் மணலிலே எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கின்றது, எண்ணலாம், நிறுக்கலாம். வாசிப்பு முடிந்த கணத்திலேயே காற்றோடு போய்விடுகின்றது. நன்றாயிருந்தது என்பதற்குச் சாட்சி கேட்டவரின் காது மட்டுமே. அந்தக் காதின் சொந்தக்காரரோ பணம் கொடுக்கவேண்டியவர். வழக்காளியே நீதிபதியாகவும் இருக்கும் மன்றத்திலே தீர்ப்பு எவ்வாறமையும்?

பிளேட்டோவின் உரையாடலொன்றிலே புரோட்டகோரஸ் இச்சிக்கலுக்கு ஒரு வழி கூறுகின்றான். மாணவன் தான் கேட்ட தொகையைக் கொடுக்கலாம். அது மிகையென நினைத்தால், கோயிலுக்குச் சென்று, கற்ற கல்வி தனக்கு எவ்வளவு பெறும் எனச் சத்தியம் செய்து அத்தொகையை வைக்கலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை அறிந்த மக்களுக்கு இந்த ஏற்பாடு விந்தையாகத் தோன்றாது. எனினும் புரோட்டகோரஸின் முறையிலே முதலில் ஒரு தொகை கேட்கப்படுகின்றது என்பதை மறத்தலாகாது. கோயில் மேன்முறையீட்டுக்குரிய இடம் மாத்திரமே. “பாத்துச் செய்யுங்கோ” என்ற வழக்கிலோ முதலிற் கேட்கும் உரிமையே கைவிடப்படுகின்றது.

இதற்கு எதிராகத் தமிழ் மரபையே சான்று காட்டுவோர் உளர். பாணரும் பொருநரும் விலை பேசினரா, வள்ளல் கொடுத்ததைப் பெற்றுச் சென்றனரன்றோ என்பர். பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியான தமது ஆங்கில நூலிலே விரிவாக ஆராய்ந்த வீரயுகப் புரவலர்–கலைஞர் உறவு இத்தகையதே. ஆயினும் அம்மரபினுள்ளேயே மறுகுரலும் ஒலித்தது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது பரிசில் அனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அம்மறுப்பு. பொருள் வாங்கிச் செல்லும் வணிகன் தாமல்லர் என்பதே அவர் கூறிய காரணம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது விலை பேசுதலுக்கு எதிரான வாதமாகத் தோன்றும். சற்று ஊன்றி நோக்கின், புலவர் அங்கே செய்தது தம் மதிப்பைத் தாமே நிறுவியமையாகும். இவ்வளவு தருக என்று கேட்பதும், இவ்வாறு தருவதைக் கொள்ளேன் என்று மறுப்பதும் ஒரே உரிமையின் இரு கைகள். அவ்வுரிமை பெருஞ்சித்திரனாருக்கு இருந்தது. எல்லாப் பாணருக்கும் இருந்ததா என்பது ஐயமே.

இங்கேதான் பொருள் கலையைவிட்டுச் சமூகத்துக்குள் நுழைகின்றது. ஈழத்துத் தமிழ்ச் சமூகத்திலே குடிமைமுறை நெடுங்காலம் நிலவியது. துணி வெளுப்போர், மயிர் வினைஞர், பறை முழக்குவோர் ஆகியோர் குறித்த வீடுகளுக்குக் கட்டுப்பட்டுத் தொழில் செய்தனர். அதற்கீடாக அறுவடைக் காலத்தில் நெல்லும், நன்மை தீமைகளில் சிறு கொடைகளும் பெற்றனர். அங்கே விலை பேசும் வழக்கம் இருந்ததில்லை. அதனாற் பார்த்தால் எல்லாம் அன்பின் வழிப்பட்டதாகவே தோன்றும். ஆனால் அழைத்தபோது வரமாட்டேன் எனக் கூறும் உரிமையும் அங்கே இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த சாதியெதிர்ப்புப் போராட்டங்களிலே சாவீட்டில் பறையடிக்க மறுத்தல் ஒரு போராட்ட வடிவமாயிற்று. நாதஸ்வரக் கலைஞரின் நிலை இதனின்றும் வேறானதெனினும், கோயிலையும் பெரிய வீடுகளையும் அண்டி வாழ்ந்த அவர்களும் ‘கொடுப்பதை வாங்கும்’ ஒழுக்கத்தினின்று முற்றும் விலகியிருந்தவரல்லர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மேலாடை அணிந்தும் மேடையில் அமர்ந்தும் வாசித்தமை அக்காலத்தில் ஒரு செய்தியாயிற்று என்பதே முந்திய நிலையைக் காட்டப் போதுமானது.

ஆகவே விலை கூறுதல் கலையை இழிவுபடுத்துகின்றது என்போர் ஒன்றைக் கருதவேண்டும். மறுக்க முடியாதவன் கொடுப்பது கொடையாகாது. ஏழை வீடொன்றிலே பணம் வேண்டாமென்று வாசிக்கும் மேளகாரரின் செயல் கொடையாவது, வேண்டுமென்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கும்போது மட்டுமே. அவ்வுரிமையை எடுத்துவிட்டுப் பெருந்தன்மையைப் பாராட்டுதல், கட்டுண்டவனின் பொறுமையைப் பாராட்டுவதை ஒக்கும்.

விலை எதனை அளவாகக் கொள்வது? அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் என்னும் நூலிலே, ஊதியம் வேறுபடுவதற்குரிய காரணங்களை ஆராயுமிடத்து, தொழிலைக் கற்பதற்கான செலவையும் வேலை இடையறுதலையும் குறிப்பிடுவர். இவ்விரண்டும் மேளத்துக்கு மிகப் பொருந்தும். பலாமரத்துத் தவிலை ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கூடு மாட்டிய விரல்களாலும் பேசவைக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற மேதைகளின் பெயரைக் கேட்டு வளர்ந்த ஊர்களிலே சிறுவயதிலேயே அது தொடங்கும். ஆடியிலும் மார்கழியிலும் மணமில்லை. ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்குப் பத்து வீடுகள் ஒரே குழுவைத் தேடும். ஒரு நாளுக்குக் கேட்கப்படும் தொகை அந்த ஒரு நாளுக்குரியதன்று. வேலையற்ற நாட்களுக்கும் அதுவே சோறிடவேண்டும்.

சிமித் மூன்றாவது ஒன்றையும் கூறுவர். நடிகர், பாடகர், ஆடுவோர் பெறும் பெருந்தொகையில் ஒரு பகுதி, அவர்தம் தொழிலைச் சமூகம் இழிவாகக் கருதுவதற்கான ஈடு. அவ்விழிவு நீங்குமாயின் பலர் அத்தொழிலை நாட, தொகையும் குறையும் என்பது அவர் வாதம். கூர்மையான வாதமே, ஏற்கத்தக்கதன்று. அவமதிப்புக்கு விலை கொடுத்தால் அவமதிப்பைத் தொடர்வதற்கு உரிமை வாங்கியதாகிவிடும். மேளகாரருக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, அவர்களை எல்லோரும் உண்டபின் பந்தலின் ஓரத்திலே உட்காரவைக்கும் வீட்டார் சிமித்தை வாசித்தவரல்லர். ஆயினும் அவருடைய கணக்கையே போடுகின்றனர்.

இக்காலத்துச் சிந்தனையாளரான மைக்கேல் சண்டெல், பணத்தால் வாங்கலாகாதவை பற்றி 2012இல் வெளியிட்ட நூலிலே, மணவிழாவில் நண்பன் ஆற்றவேண்டிய வாழ்த்துரையைக் காசு கொடுத்து எழுதுவித்தலை எடுத்துக்காட்டுவர். வாங்கியதென அறிந்தவுடன் அவ்வாழ்த்தின் மதிப்புக் கெட்டுவிடுகின்றது. மேளத்துக்கு இது பொருந்துமா எனின், பொருந்தாது. நாதஸ்வரக்காரர் மணமகனின் நண்பராக நடிப்பதில்லை. தாம் அழைக்கப்பட்டு வந்த கலைஞர் என்பதை ஒருவருக்கும் மறைப்பதில்லை. ஆனந்தபைரவியைக் கேட்டுக் கண்கலங்கும் தாய்க்கு, அதற்குப் பணம் கொடுக்கப்பட்டது நன்கு தெரியும். தெரிந்தும் கலங்குகின்றாள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே விலையா என்பதே மிகக் கடினமான பகுதி. கொக்கிளாய் மக்கள் 1984 டிசம்பரில் இடம்பெயர்க்கப்பட்டனர். போர் முடிந்த 2009க்குப் பின்னரே மீளத் திரும்பலாயினர். கால் நூற்றாண்டு பிறவூர்களில் வாழ்ந்தவரின் மணங்கள் மேளதாளத்தோடு நிகழும் வாய்ப்பு அரிது. சொந்த மண்ணிலே பிள்ளையின் தாலிகட்டுக்கு மேளம் ஒலிக்கவேண்டும் என்னும் ஆசையை ஆடம்பரம் என ஒதுக்குதல் எளிது, நேர்மையன்று. அதே கரையில் ஒரு வீட்டுக்குக் கனடாவிலிருந்து பணம் வருகின்றது. அடுத்த வீட்டுக்கு இறால் பட்ட நாளிலே மட்டும் வருகின்றது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் கொடுக்கும் தொகையே சந்தை விலையாகிவிடின், மற்ற வீட்டார் கடன்பட வேண்டும். அன்றேல் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுத் தாலிகட்ட வேண்டும். முகம் பார்த்து விலை சொல்லுதல் ஏமாற்று எனச் சிலர் கருதுவர். மறைத்துச் செய்தால் ஏமாற்றே. ஆயின் குழுவொன்று தன் முழுத்தொகை இதுவெனப் பலரறியக் கூறி, இயலாத வீட்டுக்கு இவ்வளவு குறைக்கின்றோம் எனவும் கூறுமாயின், அங்கே ஏமாற்றப்பட்டவர் எவருமிலர். குறைத்தது எவ்வளவு என்று தெரியும்போதே அது கொடையாகத் தெரியும். வாங்குபவர்க்கு அது சற்றுச் சுடலாம் என்பதும் உண்மை. இயலாமையை ஊரறியச் சொல்ல எவரும் விரும்பார். அதற்காகவே பேச்சு இருவரிடையே வைத்துக்கொள்ளப்படலாம். தொகை மாத்திரம் தாலிகட்டுக்கு முன்னர் முடிவாதல் வேண்டும்.

மண்டபக்காரரும் விழா ஒழுங்கமைப்பாளரும் சோடனை, சாப்பாடு, படப்பிடிப்பு, மேளம் அனைத்தையும் ஒரே தொகைக்குள் அடக்கிக் கொடுக்கும் வழக்கு இன்று பரவியுள்ளது. பறவைபோலத் தன்னியல்பாற் பாடுபவள், பாட்டை விற்பவள், முதலாளியொருவன் இலாபம் பெறுதற்காகக் கூலிக்குப் பாடுபவள் என ஒரே பாடகியை மூன்று நிலைகளில் வைத்துக் கார்ள் மார்க்ஸ் காட்டிய வேறுபாடு இங்கே கண்கூடு. வீட்டாருக்குக் கூச்சம் தீர்ந்தது. மேளகாரருக்கோ கேட்கும் வாய் மீண்டும் அடைபட்டது. இம்முறை அடைத்தவர் வள்ளலுமல்லர்.

குழுவுக்குள்ளேயும் ஒரு விலை பேசப்படுகின்றது. அதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பேர்பெற்ற நாதஸ்வரக்காரரின் பெயரிலே தொகை வருகின்றது. இரண்டாம் நாதஸ்வரம், இரு தவில், தாளம் ஆகியோரின் பங்கை எவர் தீர்மானிப்பது? வீட்டுத் தகப்பனாரிடம் கணக்கைத் தெளிவாகக் கேட்ட அதே தலைவர், வானில் திரும்பும்போது இளைய தவில்காரரிடம் “பிறகு பாப்பம்” எனக் கூறுவாராயின், முன்னர் வீட்டாரிடம் கேட்ட நியாயம் அந்த வானுக்குள்ளேயே பொய்யாகின்றது. கரைவலைச் சம்மாட்டி இதில் அவரிலும் மேலானவர். பங்கு அங்கே வலை இறங்குமுன்னரே தெரியும். ஒத்து ஊதியவரின் இடத்திலே இன்று பெரும்பாலும் மின்சுருதிப்பெட்டி வைக்கப்படுகின்றது. அதற்குப் பங்கு வேண்டியதில்லை. தாளம் போடும் சிறுவனுக்கு வேண்டும்.