நாற்பதாவது ஆள்

ஜோஷ் கிப்ஸனை நான் நாற்பதாவதாக எடுத்தேன். பன்னிரண்டு பேர் ஆடும் லீக்கில் அது நாலாவது சுற்று. பேஸ்பால் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது வகையினர் கொஞ்சம் இருங்கள். இது பேஸ்பாலைப் பற்றியது மட்டுமல்ல. நான் எழுதிய ஏழு வரிக் கோடைப் பற்றியதும்கூட.

பள்ளியில் கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். புத்தகத்தை விரித்தால் இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். டெண்டுல்கரும் மெக்ராத்தும் நம் சமூக அறிவியல் பாடநூலுக்குள் மோதிக்கொண்டார்கள். சிமுலேஷன் பேஸ்பால் அதன் பெரியண்ணன். அமெரிக்காவில் 1950களிலிருந்தே பகடையும் அட்டையும் வைத்து ஆடுகிறார்கள், இப்போது கம்ப்யூட்டர் ஆடித் தருகிறது. எங்கள் லீக்கில் நூற்றாண்டு பேதமில்லாமல் எந்த ஆட்டக்காரரையும் எடுக்கலாம். ஒருவருக்கு ஒரு சீசன்தான், அதாவது அவர் உச்சத்தில் இருந்த ஆண்டு. அந்த ஆண்டின் எண்களிலிருந்து ரேட்டிங் தயாராகும். தினமும் இரவு மென்பொருள் ஆட்டங்களை நடத்தும். காலையில் காபியோடு ஸ்கோரைப் பார்ப்போம்.

நான் ஒரு புராஜெக்டுக்காகப் பிட்ஸ்பர்க்கில் ஒன்றரை வருடம் இருந்தபோது என் காலேஜ் சீனியர் இதில் இழுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அவர்தான் லீக்கை நடத்துகிறார். போன வருடம் போன் பண்ணி, "டேய், ரேட்டிங் போடுறதுல ஒவ்வொரு தடவையும் சண்டை வருது. நீதான் ஆபீஸ்ல மாடல் மாடல்னு சாகுறியே, நீயே எழுதிக் குடுத்துடு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

டிராஃப்ட் பிப்ரவரியில் நடந்தது. அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி, இங்கே ஞாயிறு காலை ஆறரை. முதல் சுற்று யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான்: பேப் ரூத், வால்டர் ஜான்சன், ஹோனஸ் வாக்னர், ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, டெட் வில்லியம்ஸ், பெட்ரோ மார்டினெஸ், பாரி பாண்ட்ஸ், லூ கெரிக். ஒன்பதாவது இடம் என்னுடையது. வில்லி மேஸை எடுத்தேன். பாம்பு மாதிரி வளைந்து திரும்பும் வரிசை என்பதால் என் அடுத்த முறைகள் 16, 33, 40. நாற்பதாவது முறை வந்தபோதும் கிப்ஸன் பட்டியலில் இருந்தார்.

கிப்ஸன் யார் என்று சொல்ல வேண்டும். 1947 வரை, ஏறக்குறைய அறுபது வருடங்கள், அமெரிக்காவின் மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சட்டம் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாமலேயே நடந்தது. அவர்கள் தங்களுக்கென லீக்குகளை உருவாக்கிக்கொண்டார்கள். நீக்ரோ லீக் என்பது அன்றைய பெயர், வரலாற்றில் அப்படியே நிலைத்துவிட்டது. கிப்ஸன் பிட்ஸ்பர்க் க்ராஃபர்ட்ஸ், ஹோம்ஸ்டெட் க்ரேஸ் அணிகளின் கேட்சர். 1947 ஜனவரி 20 அன்று இறந்தார், வயது 35. ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் காலெடுத்து வைத்தது அதே வருடம் ஏப்ரல் 15. மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை. கிப்ஸன் கல்லறைக்கு 1975 வரை பெயர்ப்பலகை கிடையாது. அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை.

அவருடைய எண்கள் பழைய செய்தித்தாள்களில் சிதறிக் கிடந்தன. 'பிட்ஸ்பர்க் கூரியர்', 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களில் பல வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆட்டமாகத் தேடிச் சேர்த்தார்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் அந்த எண்களைத் தன் அதிகாரபூர்வப் பதிவில் இணைத்தது. கிப்ஸனின் வாழ்நாள் சராசரி .372 என்று ஆனது. அதுவரை முதலிடத்தில் இருந்தவர் .367 வைத்திருந்த டை காப். (இது கிரிக்கெட் சராசரி அல்ல. பத்து முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை அடித்துவிட்டுப் பேஸை எட்டினார் என்ற விகிதம். மூன்று முறை அடித்தாலே நல்ல ஆட்டக்காரர்.) 1943இல் கிப்ஸனின் சராசரி .466. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவருக்கு மூளைக்கட்டி இருப்பது தெரிந்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் நாற்பதாவது இடத்துக்கு இறங்கியது ஏன்? என் கோடு.

நான் செய்ததற்குப் பெயர் ஷ்ரிங்கேஜ். தரவு குறைவாக இருக்கும்போது எண்ணை அப்படியே நம்பாமல் சராசரியை நோக்கி இழுப்பது. பத்து முறை மட்டை பிடித்து ஐந்து முறை அடித்தவரை .500 ஆட்டக்காரர் என்று யாரும் நம்ப மாட்டோம் இல்லையா, அதுதான் கணக்கு. ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு .280 ஆட்டக்காரர் 500 முறை மட்டை பிடித்ததாகச் சேர்த்துவிடுவேன். 1924இல் ஹார்ன்ஸ்பி .424 அடித்தார், 536 முறை. என் சூத்திரத்துக்குப் பிறகு .354. கிப்ஸனின் .466க்குப் பின்னால் இருப்பது சுமார் 250 முறைதான். சூத்திரத்துக்குப் பிறகு .342. நாற்பத்திரண்டு புள்ளி மேலே இருந்தவர் பன்னிரண்டு புள்ளி கீழே வந்துவிட்டார். கேட்சர்களில் இரண்டாம் இடம், மொத்தத்தில் எங்கோ நடுவில்.

இதில் கணிதப் பிழை எதுவும் இல்லை. இந்த முறையின் மிகப் புகழ்பெற்ற உதாரணமே பேஸ்பால்தான். 1977இல் பிராட்லி எஃப்ரன், கார்ல் மோரிஸ் இருவரும் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவர்கள் எங்காவது சந்தித்திருப்பார்கள். 1970 சீசனில் பதினெட்டு ஆட்டக்காரர்களின் முதல் 45 மட்டை வாய்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி சீசனில் என்ன அடிப்பார்கள் என்று கணித்தார்கள். எல்லாரையும் சராசரியை நோக்கி இழுத்தபோது மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. பட்டியலின் உச்சியில் இருந்தவர் ராபர்டோ கிளெமென்டே, .400. சூத்திரம் அவரை .290க்கு இறக்கியது. மீதி சீசனில் அவர் அடித்தது .346. கூட்டத்துக்கு அவ்வளவு உதவிய சூத்திரம் கிளெமென்டேக்கு உதவவில்லை. உண்மையிலேயே அசாதாரணமானவர் யாரோ, அவர்தான் இந்த முறைக்கு விலை கொடுக்கிறார். மொத்தத்தில் நியாயமான ஒரு விதி ஒருவருக்கு மட்டும், அதுவும் யாருக்குச் செய்யவே கூடாதோ அவருக்கு, அநியாயம் செய்யலாம். கிளாஸில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது சுவாரஸ்யமான புதிர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

டிராஃப்ட் முடிந்த மறுநாள் லீக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். பிட்ஸ்பர்க்காரர், கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியவர். திட்டவில்லை. மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். 1924இல் ஹார்ன்ஸ்பி செயின்ட் லூயிஸில் ஆடினார். அதே ஊரில், இன்னொரு மைதானத்தில், செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸ் அணியில் கூல் பாப்பா பெல் ஆடிக்கொண்டிருந்தார். கன்சாஸ் சிட்டியில் புல்லட் ரோகன் பந்து வீசிக்கொண்டிருந்தார். ரோகனை ஹார்ன்ஸ்பி லீக் ஆட்டத்தில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை, அப்படியானால் அந்த .424 எதன் .424? இது முதல் கேள்வி. இரண்டாவது, பாரி பாண்ட்ஸ் 2001இல் அடித்த 73 ஹோம்ரன்களைச் சுற்றி ஊக்கமருந்துச் சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை, உன் சூத்திரம் அதை ஏன் அப்படியே நம்பியது? மூன்றாவது கேள்வி ஒரே வரி. அந்த 250 ஏன் 250?

முதல் இரண்டுக்கும் பதில் எழுதினேன். எதிரணியின் தரம் வேறு, மாதிரியின் அளவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது, இத்யாதி. இன்ஜினியர்களுக்கு இந்தத் தொனி ரொம்ப எளிதாக வரும். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். நீக்ரோ லீக் அணிகள் குறைவாக ஆடியவை அல்ல. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், சில நாள் இரண்டு ஆட்டம்கூட ஆடினார்கள். ஆனால் அதில் பாதிக்கு மேல் லீக்குக்கு வெளியே, உள்ளூர் அணிகளோடு, பிழைப்புக்காக. அவை கணக்கில் வராது. லீக் ஆட்டங்களிலும் எல்லாவற்றின் ஸ்கோரும் பத்திரிகையில் வரவில்லை. கிடைத்திருக்கும் பதிவுகள் மொத்தத்தில் முக்கால் பங்கு என்று மேஜர் லீக்கே சொல்கிறது. கிப்ஸனின் ஹால் ஆஃப் ஃபேம் பலகையில் ஏறக்குறைய 800 ஹோம்ரன் என்று பொறித்திருக்கிறார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் இருப்பவை 200ஐத் தொடவில்லை. ஆக, அந்த 250 இயற்கையாக அமைந்த சிறிய மாதிரி அல்ல. கதவைச் சாத்தியவர்கள் விட்டுவைத்த மிச்சம். கதவைச் சாத்தியதால் எண் சிறிதானது, எண் சிறிது என்பதால் நான் சந்தேகித்தேன்.

இங்கே எதிர்வாதம் உண்டு, அதை லேசில் தள்ள முடியாது. காரணம் எதுவானாலும் சிறிய மாதிரி சிறிய மாதிரிதான். வெறும் 250 முறையில் அதிர்ஷ்டம் பெரிய வேலை செய்யும். பரிதாபப்பட்டு எண்ணை ஏற்றினால் அது கணக்காகாது, சலுகையாகிவிடும். என் சீனியர் இந்தக் கட்சிதான். "பாவம்னு ரேட்டிங் போட முடியாதுடா" என்றார். கிப்ஸனைச் சுற்றிக் கதைகள் வேறு ஏராளம். பிட்ஸ்பர்க்கில் அவர் அடித்த பந்து கண்ணுக்கெட்டாமல் போய், மறுநாள் ஃபிலடெல்ஃபியா ஆட்டத்தில் வானத்திலிருந்து விழ, ஒருவர் பிடித்துவிட்டாராம். 'நேற்றுப் பிட்ஸ்பர்க்கில் நீ அவுட்' என்றாராம் அம்பயர். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஒரு மனிதனைப் பற்றிப் புராணமாகப் பேசுவதும் அவன் கணக்கை எடுத்துக்கொள்ளாமல் தப்பிக்கும் வழி என்று இப்போது படுகிறது. ரூத்துக்குப் புராணமும் உண்டு, எண்ணும் உண்டு. கிப்ஸனுக்கு ரொம்ப காலம் புராணத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திருப்தியடைந்துவிட்டார்கள்.

சாட்சிகள் இல்லாமலும் இல்லை. கிப்ஸனை வெளிப்படையாகப் பாராட்டியவர்களில் வால்டர் ஜான்சன் ஒருவர், எங்கள் டிராஃப்டில் இரண்டாவதாகப் போன அதே ஜான்சன். அவர் வீசிய பந்துகளின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்ட என் கோடுக்கு, அவர் வாயால் சொன்னதை வாங்கிப் போட ஓர் இடம் இல்லை. மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' நூல், ஒருவர் சொல்லை முன்முடிவின் காரணமாகக் குறைத்து மதிப்பிடுவதையே ஒரு தனி அநீதியாகப் பார்க்கிறது. நான் முன்முடிவோடு எழுதவில்லை. எழுதும்போது கிப்ஸனை நினைக்கக்கூட இல்லை. ஆனால் என் நெஞ்சில் இல்லாதது என் தரவில் இருந்தது.

கடைசியில் எனக்குப் பிடிபட்டது வேறொன்று. ஷ்ரிங்கேஜ் எதிர்காலத்துக்கான கருவி. ஏப்ரலில் .400 அடிப்பவர் செப்டம்பரில் என்ன ஆவார் என்று கேட்கும்போது அது சரியான பதில் சொல்லும். கிளெமென்டேயை .290க்கு இறக்கினாலும் அவருக்கு மீதி சீசன் இருந்தது. இறங்கி ஆடி, சூத்திரத்தைப் பொய்யாக்கினார். கிப்ஸனுக்கு மீதி சீசன் கிடையாது. அவர் இனி மட்டை பிடிக்கப் போவதில்லை. நாங்கள் எதையும் கணிக்கவும் இல்லை, நடந்து முடிந்ததை மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம். கணிப்பில் அடக்கமாக இருக்கும் ஒரு சந்தேகம், முடிந்துபோன வாழ்க்கையின் மேல் வைக்கும்போது தீர்ப்பாகிவிடுகிறது.

இறந்தவருக்கு இதனால் என்ன? அரிஸ்டாட்டிலே இந்தக் கேள்வியைக் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, பாதிப்பு இருந்தாலும் சிறியதுதான் என்பதுபோல விட்டுவிடுகிறார். எனக்கும் பெரிதாகப் பதில் இல்லை. ஆனால் என் வேலை எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. சிறு கடைக்காரர்களுக்குக் கடன் தரலாமா என்று மதிப்பெண் போடும் மாடல்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இருபது வருடம் கோயில் வாசலில் பூ விற்ற அம்மாவுக்கு வங்கிப் பதிவு எதுவும் இருக்காது, மாடல் அவரைச் சராசரிக்கும் கீழே இழுக்கும். அவருக்கு மீதி சீசன் உண்டு. ஆனால் கடன் கிடைத்தால்தான் அந்தச் சீசன் பதிவாகும், பதிவானால்தான் கடன் கிடைக்கும். இதை ஆபீஸில் சொன்னேன், "நல்ல பாயிண்ட், அடுத்த குவார்ட்டர்ல பார்ப்போம்" என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரேட்டிங் பட்டியல் மற்றவர்களுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே என் கையில் இருந்தது. கிப்ஸன் அவ்வளவு கீழே இருப்பதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சங்கடம் அல்ல, குஷி. மலிவாகக் கிடைப்பார் என்று. அந்த 2024 செய்தியெல்லாம் படித்தவன்தான் நான். எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நாற்பதாவது முறைக்குக் காத்திருந்தேன். ஆசிரியரிடம் இதை எழுதியபோது, முன்பே ஊகித்ததாகப் பதில் போட்டார். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

புதிய சூத்திரத்தில் ஷ்ரிங்கேஜ் இல்லை. குறைந்தது 200 முறை மட்டை பிடித்திருந்தால் எண் அப்படியே நிற்கும். சந்தேகம் இருந்தால் 1947க்கு முந்தைய எல்லாருக்கும் ஒரே அளவு சந்தேகம், ரூத்துக்கும் சேர்த்து. அதிர்ஷ்டத்தால் வீங்கிய சில எண்கள் இதில் நுழையும், தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். சீனியர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். எங்கள் விதிப்படி ஐந்து பேரை அடுத்த வருடத்துக்கும் பழைய சுற்று விலையிலேயே வைத்துக்கொள்ளலாம். நாலாவது சுற்று விலையில் கிப்ஸன் என்றால் யாரும் விடமாட்டார்கள். போன வாரம் அவரை விடுவித்துப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். புதுக் கணக்கில் அவர் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். இந்த பிப்ரவரியில் என் முறை பதினொன்றாவது.