ஒன்றும் நடக்காவிட்டால் குற்றமில்லையா?



மடு ஆவணித் திருவிழாவுக்குத் தம் வானிற் சென்று, அன்றிரவே யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பத் தலைவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சுவாமி, இரண்டு நாளாய் நித்திரையில்லை. மாங்குளத்துக்குக் கிட்ட கண் அயர்ந்திட்டுது. முழிச்சுப் பார்த்தால் வான் வீதிக்கு வெளியிலே மண்ணிலே ஓடுது. பிள்ளையள் பின்னாலே நித்திரை. மாதாதான் காப்பாத்தினவ!"

நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால், நன்றியோடு காரியம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். "ஒண்டும் நடக்கேல்லையே, சுவாமி" என்றார். இந்தப் பதிலை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அதே இரவில், அதே வீதியில், அதே களைப்போடு வேறொருவரும் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் அயர்ந்த இடத்தில் வீதியோரமாக ஒரு கமக்காரர் சைக்கிளிற் போய்க்கொண்டிருந்தார். முதலாமவர் வீடு சேர்ந்து தேநீர் அருந்துகிறார். மற்றவர் பொலிஸ் நிலையத்தில் நிற்கிறார். நாட்டின் சட்டம் விளைவைப் பார்த்து இருவரையும் வேறுபடுத்தும். மனச்சாட்சியின் முன்னோ இருவரும் செய்தது ஒன்றே. விழித்திருக்க இயலாதென அறிந்தும் சாரதி ஆசனத்தில் அமர்ந்தார்கள். ஒருவருக்கு வீதி வெறுமையாய் இருந்தது, அவ்வளவுதான்.

திருச்சபையும் இவ்வாறே போதிக்கிறது. வேகக் கட்டுப்பாட்டு விதிகளை அலட்சியம் செய்வோர் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றனர் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய சாசனத்திலே சுட்டிக்காட்டியது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ வீதியில் தம்மையும் பிறரையும் ஆபத்துக்குள்ளாக்குவது பாரிய குற்றம் என ஐந்தாம் கட்டளையின் விளக்கத்திலேயே கூறுகிறது. ஆபத்துக்குள்ளாக்குவதே குற்றமென்பதைக் கவனியுங்கள். எவரும் சாகும்வரை அது காத்திருக்கவில்லை.

மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 22 மீற்றர் செல்கிறது. மூன்று வினாடி கண் மூடினால், 66 மீற்றர் தூரம் அந்த வாகனத்துக்குச் சாரதியே இல்லை. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கண்ணாடியில் தொங்கும் செபமாலை இந்தக் கணக்கை மாற்றிவிடாது. வானதூதர் தாங்குவார்கள் என்று சொல்லித் தேவாலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, நம் ஆண்டவர் குதிக்கவில்லையே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. விதிப்படி நிதானமாக ஓட்டிவரும் ஒருவரின் முன்னால் திடீரென ஒரு குழந்தை பாய்ந்துவிடுகிறது. அவர் எவ்வளவோ முயன்றும் தடுக்க முடியவில்லை. அந்தத் துயரம் ஆயுள் முழுவதும் அவரோடிருக்கும். ஆயினும் துயரம் வேறு, பாவம் வேறு. ஊரார் அவரைக் கொலைகாரன் எனத் தூற்றுவார்களாயின், பிழை செய்பவர்கள் ஊராரே.

பொறுப்புச் சாரதிக்கு மட்டுமா? "பூசைக்குப் பிந்தப்போறம், கெதியா விடு" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்துபவரும், கலியாண வீட்டில் வாகனம் ஓட்டப்போகிறவரின் கையிற் சாராயக் கிளாசைத் திணிக்கும் நண்பரும், வாடகைக்கு அமர்த்திய வான் சாரதிக்கு ஓய்வு கொடாமல் தாம் மட்டும் உறங்குபவரும் அக்குற்றத்திற் பங்காளிகளே. இவற்றை நம்மில் எத்தனைபேர் பாவசங்கீர்த்தனத்தில் நினைத்துப் பார்க்கிறோம்?

அந்தக் குடும்பத் தலைவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "வாற வருஷம் மடுவிலேயே படுத்தெழும்பி, விடியத்தான் வெளிக்கிடுவம், சுவாமி" என்றார். தம் பிள்ளைகளைக் காத்த அன்னைக்கு அவர் செலுத்தக்கூடிய நல்ல நேர்த்திக்கடன் அதுவே. வாசகரே, நீங்களும் அடுத்த முறை சுகமாய் வீடு சேர்ந்து நன்றி கூறும்போது, வந்த விதத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.