குழாயில் இறங்கும் கஞ்சியும் பிரசாதம்தான்

ஓம் சரவணபவ.

எனக்கு 17 வயசு. ஊர் புதுச்சேரி. விழுங்க முடியாத நோய். மூணு வருஷமா வயிற்றில் வைத்த குழாய் வழியாத்தான் சாப்பாடு. "தினமும் விரதம் இருக்கிற புண்ணியவதி" என்பார்கள் சிலர். "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள் சிலர். ரெண்டுமே சரியில்லை. சாப்பிட முடிந்தும் விடுவதுதான் விரதம். எனக்கு இருப்பது வியாதி. அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

ஆனாலும் போன ஐப்பசியில் சூரசம்ஹாரத்தன்று, "இன்னைக்கு ஒருநாள் ஊத்தாதம்மா, நானும் சஷ்டி விரதம் இருக்கேன்" என்று அடம்பிடித்தேன். தண்ணீர், மருந்து எல்லாமே அந்தக் குழாயில்தான் என்பது எனக்கும் தெரியும். ஆறு நாளாப் பட்டினி கிடந்த அம்மா ஒண்ணும் சொல்லலை. கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, கை நடுங்க மெதுவா ஊத்தினாங்க. கடைசியில் குழாய் அடைக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர்.

அப்போதுதான் தோன்றியது. சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் பாலூட்டியபோது நம்ம முருகன் என்ன விரதமா இருந்தான்? வாங்கிக் குடித்தான், அவ்வளவுதான். பெரிய ஆபரேஷன் இல்லாமல் இந்தக் குழாயை வைக்கும் முறையையும், 1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர்கள் காடரரும் பான்ஸ்கியும் முதலில் செய்தது ஒரு கைக்குழந்தைக்குத்தான்.

விடுவது மட்டும் பக்தி இல்லை. கொடுக்கிற கையைத் தட்டாமல் வாங்கிக்கொள்வதும் பக்திதான். எனக்கு அதுதான் கஷ்டம். அதனால் அதையே என் விரதமா வச்சுக்கிட்டேன்.

உங்க வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால் பாவ புண்ணியக் கணக்குப் பார்க்காதீங்க. பக்கத்தில் உட்காருங்க. மயிலம் போனால் எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்க.

வேலும் மயிலும் துணை.