பட்டியலில் விடுபட்ட எண்

வாலிநோக்கம் உப்பளங்களில் கோடை முற்றும்போது வெண்குவியல்கள் வரிசையாய் எழுந்து நிற்கும். அவற்றிலுள்ள உப்பு மணிகளை எண்ண முடியுமா என மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். நம்மால் எண்ண இயலாவிடினும் அவற்றுக்குத் துல்லியமான ஓர் எண்ணிக்கை உண்டு என்றேன். “யாருமே எண்ணாவிட்டாலுமா, சாமி?” என்றான். அக்கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. 12-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களால் அது மீதியின்றி வகுபடும். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இத்தகைய 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் இறுதியானது 6,74,632 கோடியையும் தாண்டியது.

எனினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 என்பதே அது. 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இருமுறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒருமுறையும் எடுத்துப் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். இம்முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை வரும்: 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040. பென்சிலும் தாளும் உள்ள எவரும் இதனைச் சரிபார்க்கலாம்.

மாமேதையின் பார்வைக்குத் தப்பியதால் அவ்வெண் தன் வகுத்திகளுள் ஒன்றையேனும் இழந்ததா? இல்லை. பட்டியல் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் அதன் இடம் அதற்கு இருந்தது. உண்மை நம் ஏட்டை நம்பி வாழ்வதன்று. சிறுவனுக்கு நான் கூறிய விடை சரியே.

ஆனால் அவ்விடை பாதி விடைதான் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். மழைக்காலத்தில் அள வேலை நின்றபோது, அரிசி வழங்குவதற்காகக் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை எழுதினேன். உப்புச் சுமக்கும் முதிய கைம்பெண் ஒருவர் வந்து நின்றார். “உங்கள் பெயர் இதில் இல்லையே, பாட்டி” என்றேன். “சரிங்க சாமி” என்று கூறி வெறும் பையோடு திரும்பிச் சென்றார். மூன்று நாள் கழித்துப் பங்குப் பதிவேட்டைப் புரட்டியபோது அவர் பெயர் அங்கே இருந்தது. எடுத்தெழுதிய என் கைதான் அதனைத் தவறவிட்டிருந்தது.

விடுபட்டதால் எண்ணுக்குப் பசி இல்லை, மனிதருக்கு உண்டு. இராமானுஜனே ஒன்றைத் தவறவிட்டார் எனில், என் பட்டியலை நான் எவ்வளவு நம்பலாம்? அன்று என் கண்முன் நின்றவரைவிடக் கையிலிருந்த தாளை அல்லவா நம்பினேன்!

அரிசியைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அதன்பின், வரிசையில் நிற்பவர்களை எண்ணிய பிறகே பட்டியலைத் திறக்கிறேன்.