இரண்டு முகம், நடுவுல ஒரு கோடு

செமஸ்டர் விடுமுறையில் கோலா கிளாவாங்கில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று, சிரம்பான் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பாட்டி. இன்னொன்று, செம்பனைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த வங்காளதேசத் தொழிலாளி. இருவரிடமும் கேட்டுத்தான் எடுத்தேன். அவர்களுக்குள் அறிமுகமே இல்லை.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, பல்கலைக்கழகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப நினைத்தேன். நண்பர்களின் புலனக் குழுவில் போட்டதும் பதில் குவிந்தது. "அன்று நம்ம பாட்டி, இன்று இவன். தோட்டத்துக் கண்ணீர் மாறவே இல்லடா!" பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி ஒரு கேள்வி உறுத்தியது. பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவரா? நான் கேட்கவே இல்லையே!

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தாராம். நடிகர் ஒருவரின் சலனமில்லாத முகம். அடுத்து ஒரு கிண்ணம் சூப். பார்த்தவர்கள் 'பசி' என்றார்கள். அதே முகம், அடுத்து சவப்பெட்டி. 'துக்கம்' என்றார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைத்ததுதான் மாறியது.

1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம், அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. அந்தக் கண்களில் உலகம் போரின் துயரத்தைப் பார்த்தது. 2002இல்தான் ஷர்பத் குலா என்ற அவர் பெயரே வெளியே தெரிந்தது. அன்று தனக்கு இருந்தது கோபம், யாரோ அந்நியர் படமெடுத்த கோபம் என்றார் அவர்.

மறுநாள் பாட்டியைத் தேடிப்போய்ப் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"நான் எங்கய்யா மரம் வெட்டுனேன்? பள்ளிக்கூடக் கேண்டீன்ல சமைச்சவ நான். சோகமா? பஸ் லேட்டுய்யா, அந்தக் கடுப்பு!"

அந்த அண்ணனோ மலாயில், "இது வேணாம், சட்டை அழுக்கா இருக்கு. அம்மாவுக்கு அனுப்புற மாதிரி எடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"இப்படி ஒவ்வொருத்தரா கேட்டுட்டிருந்தா கலை எப்படிடா வளரும்?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். அதிகாரத்தில் இருப்பவரின் தவற்றைக் காட்ட அவர் சம்மதம் தேவையில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டி என்ன தவறு செய்தார்? படமெடுக்கத்தான் அனுமதி தந்தார். தன் வாழ்க்கைக்கு நான் கதை எழுத அல்ல. பொறியியலில் இரண்டு கம்பியை இணைத்தவன்தான், ஷாக் அடித்தால் பொறுப்பு. இங்கேயும் இணைத்தவன் நான்தான்.

கடைசியில் கடுப்போடு நிற்கும் பாட்டியையும், இஸ்திரிச் சட்டை அண்ணனையும் சேர்த்து அனுப்பினேன். கீழே அவரவர் சொன்ன வார்த்தைகள். முதல் ஜோடி மாதிரி இது மனதைப் பிழியவில்லை. பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தை இருவர் கையிலும் கொடுக்க எனக்குக் கூச்சமில்லை.

நண்பர்களே, அடுத்த முறை ஓர் அந்நியர் முகத்தைப் பதிவேற்றும் முன், அவரிடமே அதைக் காட்ட முடியுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.