பறவைகளின் வருஷப் பிறப்பு

ஜனவரி முதல் தேதி பொழுது விடிவதற்கு முன்பே, பறவை பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டவர்கள் ஓசூரில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கெலவரப்பள்ளி அணைக்கட்டுக்கோ இராமநாயக்கன் ஏரிக்கரைக்கோ புறப்பட்டுவிடுவார்கள். முந்தின இரவு வரை குறிப்பேட்டில் ஏறியிருந்த எண்ணிக்கை நள்ளிரவோடு முடிந்துபோயிற்று. இனிக் காகத்திலிருந்தும் மைனாவிலிருந்தும் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம் என்று ஜாபிதா எழுதி, வருஷம் முடிந்ததும் அதை மூடிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும் இந்தப் பழக்கத்தை நானும் வெகுகாலமாகக் கைக்கொண்டு வருகிறேன். அதனால் நான் அடைந்த நன்மை பெரிது. ஆயினும் அதற்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது என்று சில காலமாக எனக்குத் தோன்றி வருகிறது.

ஆயுள் முழுவதும் கண்ட பறவைகளை ஒரே ஜாபிதாவாக எழுதி வருபவர்களும் உண்டு. அது சொத்துச் சேர்ப்பதைப் போன்றது. ஒருமுறை எழுதிய பெயர் என்றைக்கும் நம்முடையதாகிவிடுவதால், அந்தப் பறவையை மறுபடி பார்த்தாக வேண்டும் என்ற அவசியமே இல்லாமற்போகிறது. வருஷ ஜாபிதாவோ சேர்த்ததையெல்லாம் ஒரே இரவில் கைவிடச் சொல்லுகிறது. கேழ்வரகுக் கொல்லையில் மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கும், மின்கம்பியில் உட்கார்ந்திருந்து பூச்சியைக் கண்டதும் பாய்ந்து திரும்பும் கரிச்சானும், ஏரி மதகருகே அசையாமல் நிற்கும் மடையானும் ஜனவரி முதல் வாரத்தில் பெறுகிற மரியாதையை வேறு எந்த வாரத்திலும் பெறுவதில்லை. பழகிப்போன பொருளைப் பழகாத கண்ணால் பார்ப்பதற்கு ஞானிகள் பெரும் பிரயாசைப்பட்டதாகச் சொல்லுகிறார்கள். சாமானியனுக்கு அந்தப் பாக்கியத்தில் ஒரு சிறு பங்கையாவது இந்த ஜாபிதா சுலபமாக அளித்துவிடுகிறது.

2015-ல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்க இளைஞர் உலகத்தைச் சுற்றி ஒரே வருஷத்தில் 6,042 வகைப் பறவைகளைக் கண்டார். மறு வருஷமே ஆர்யன் ட்வார்ஷ்விஸ் என்ற டச்சுக்காரர் 6,800-ஐத் தாண்டினார். அவர்களுடைய திட சித்தத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் ஷிப்டு முடிந்து கிடைக்கும் பகற்பொழுதிலும் வார விடுமுறையிலும் பறவை பார்க்கிறவனுக்கு ஓர் எல்லை வேண்டும். என் எல்லை ஓசூரும் கிருஷ்ணகிரியும் அவற்றைச் சுற்றிய ஊர்களும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ரோஜாவும் முட்டைக்கோசும் விளைகிற ஓசூரிலிருந்து, மலைச்சரிவில் இறங்கி மாந்தோப்புகள் சூழ்ந்த கிருஷ்ணகிரிக்கும் பாரூர் ஏரிக்கும் வந்துசேருவதற்குள் வெயிலும் செடிகொடிகளும் பறவைகளும் மாறிவிடுகின்றன. தென்மேற்கே தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் தாண்டினால், 2014-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குக் காடுகள். ஒரு மனிதனின் வருஷத்துக்கு இது தாராளமாகப் போதும்.

தென்பெண்ணை ஆறு நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு நம் எல்லைக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி மதகுகளைத் திறந்துவிடும் காலங்களில் வெள்ளை நுரை மலைபோலக் குவிந்து, காற்றடித்தால் சாலைக்கும் வயலுக்கும் பறந்து வருவதை இந்தப் பக்கத்தார் எல்லாரும் அறிவார்கள். அந்த நுரைக்குச் சற்றுத் தள்ளி, கழுவினாற்போன்ற ஒரு பாறையின் மேல், மெலிந்த உடலும் உடலைவிட நீண்டதாகத் தோன்றும் வாலும், வாலடியில் எலுமிச்சை மஞ்சளுமாக ஒரு சாம்பல் வாலாட்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டடி ஓடும், நிற்கும், நின்றபோதும் வால் மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும், பிறகு நீரோட்டத்தின் மேல் ஒரு முழம் எம்பி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு அதே பாறையில் இறங்கும். இமயமலை ஓடைகளிலோ அதற்கும் அப்பாலுள்ள தேசங்களிலோ குஞ்சு பொரித்துவிட்டு, ஆவணி புரட்டாசி வாக்கில் இங்கே வந்து, பங்குனியில் திரும்பிப் போகிற பறவை இது. கறுப்பும் வெள்ளையுமான வரிவாலாட்டியோ நம்மூர்க் குடி, தொழிற்சாலைக் கூரையின் விளிம்பில் நின்று இனிமையாகப் பாடும், எங்கும் போகாது.

வருஷ ஜாபிதாவின் குறை இந்த வாலாட்டியிடத்தில்தான் எனக்கு விளங்கிற்று. ஜனவரியில் இதைக் கண்டதும் எழுதிவிடுகிறோம். பங்குனியில் அது போய்விடுகிறது. போன நாளை எவரும் குறிப்பதில்லை. செப்டம்பரில் ஒரு நாள், பல நூறு மைல்களைக் கடந்து, வழியில் எத்தனையோ இரவுகளைக் கழித்து, அதே ஓடைக்கு அது திரும்பி வந்து நிற்கிறது. அந்த வருஷத்தில் இந்த ஓடைக்கரையில் நடந்த காரியங்களில் அதைவிடப் பெரியது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஜாபிதாவோ, இந்தப் பெயர் முன்பே ஏறிவிட்டது, எண்ணிக்கையில் மாற்றமில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறது. கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான்களுக்கும், ஆடி ஆவணியிலேயே மத்திய ஆசியாவிலிருந்து கூட்டமாக வந்து இறங்கும் சோளக்குருவிகளுக்கும், ஏரிகளில் இறங்கும் கிளுவைகளுக்கும் இதே கதிதான். வலசை வரும் பறவைகளுக்குக் குளிர்காலம் முழுவதும் ஒரே வாசம்; ஜனவரி முதல் தேதியோ அந்த வாசத்தை நடுவில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பழைய வருஷத்திலும் மறு பாதியைப் புதிய வருஷத்திலும் போட்டுவிடுகிறது.

ஆகவே வருஷத்தை எங்கே தொடங்குவது என்ற கேள்வி பிறக்கிறது. இந்த ஊரில் அதற்குப் பல விடைகள் உண்டு. நாட்டுக்குக் கைக்கடிகாரமும் மோட்டார் வண்டியும் செய்து அனுப்புகிற ஓசூர் தொழிற்சாலைகளில் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. மார்ச் கடைசியில் இருப்பெடுத்து, கணக்கை முடித்து, மறுநாள் புது இலக்கோடு தொடங்குகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் யுகாதி. தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள். ஆச்சரியம் என்னவென்றால், இந்த மூன்றும் ஒரே பருவத்தை ஒட்டி விழுகின்றன. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை விடைபெற்றுக்கொண்டு, மாமரங்களில் பிஞ்சு பருத்து, குயில் ஓயாமல் கூவுகிற பருவம் அது. அப்போது தொடங்கும் ஜாபிதாவில் முதலில் நிலைக்குடிகளான பறவைகள் ஏறும். தென்மேற்குக் காற்றோடு சுடலைக்குயில் வரும். புரட்டாசி ஐப்பசியில் வலசை வருபவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் தேதியோடு வந்து பெயர் கொடுப்பார்கள். தாமதமாகப் புறப்படும் நாணற்கதிர்க்குருவி போன்ற சில, சித்திரை முதல் வாரத்தில் புதர்களில் இன்னும் சத்தமிட்டுக்கொண்டிருக்கும் என்பது உண்மையே; அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. 2015 முதல் தமிழகத்தில் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்போது வருஷத்தின் தொடக்கமாக இல்லாமல், நிறைவான பிற்பகுதியாக அமையும்.

காலத்தில் கோடு கிழிப்பது போலவே இடத்தில் கோடு கிழிப்பதும் நமக்குப் பழக்கம். ஜூஜூவாடியில் நின்று பார்க்கிறபோது பருந்தொன்று வட்டமிட்டபடியே அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டால், அதைத் தமிழ்நாட்டு ஜாபிதாவில் சேர்ப்பதா கர்நாடக ஜாபிதாவில் சேர்ப்பதா என்று நண்பர்கள் தர்க்கித்துக்கொள்வார்கள். நின்ற இடமே கணக்கு என்பது வழக்கமான தீர்ப்பு, அதுவே போதும்.

இதைவிட முக்கியமானது, முதற்காட்சியோடு நின்றுவிடுகிற மனப்பான்மை. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்த 3 கோடிக்கும் அதிகமான குறிப்புகளிலிருந்து 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளைப் பாதுகாப்பில் முன்னுரிமை பெற வேண்டியவை என்று காட்டிற்று. அந்த ஆராய்ச்சியில் அதிகப் பயன் தருவது, கண்டதையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எழுதிய குறிப்பு. காகத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறவனுடைய ஏட்டில்தான், காகம் இல்லாத நாள் வெறும் மறதியாக இல்லாமல் செய்தியாக நிற்கும். பிணந்தின்னிக் கழுகுகள் நாடெங்கும் மலிந்திருந்த காலத்தில் அவற்றை எண்ணுவது வீண்வேலை என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும். ராஜஸ்தானத்துப் பரத்பூரில் பறவை ஆராய்ச்சியாளர் விபு பிரகாஷ் 1980-களிலும் பின்னர் 1990-களிலும் எண்ணி ஒப்பிட்டதால்தான் அவற்றின் வீழ்ச்சி 1999-ல் ஆதாரத்தோடு வெளிவந்தது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்பது 2004-ல் தெளிவாகி, கால்நடைகளுக்கு அதை உபயோகிப்பது 2006-ல் தடுக்கப்பட்டது. நமக்கு அடுத்த வீடான ராமநகரத்தின் பாறைக்குன்றில் எஞ்சிய கழுகுகளுக்கென்று 2012-ல் ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது.

அப்படிப்பட்ட கவனத்துக்கு இன்று உரிமையுள்ள பறவை நம் குன்றுகளிலேயே இருக்கிறது. மஞ்சள் தொண்டைச் சின்னான், 1845-ல் பறவையியலாளர் ஜெர்டன் விஞ்ஞான உலகுக்கு விவரித்தது; தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது; அழிவாய்ப்புள்ள இனம் என்று சர்வதேச அளவில் குறிக்கப்பட்டது. தலையும் தொண்டையும் மஞ்சள், உடல் சாம்பல், கொண்டை கிடையாது. கற்களுக்கிடையே முளைத்த அத்தியிலோ முட்புதரிலோ ஒரு கணம் தலைகாட்டிவிட்டு, சரிவின் மறுபக்கம் இறங்கி மறைந்துவிடும். இது வலசை போவதில்லை. எந்த மாதமும் பார்க்கலாம். ஆகையால் ஜனவரியில் ஒருமுறை கண்டு எழுதிவிட்டவர் அந்த வருஷம் மறுபடி அந்தக் குன்றேற வேண்டுமென்று எந்த ஜாபிதாவும் கேட்காது. குன்றுகளோ கிரானைட்டுக்காக வெட்டப்படுகிற மாவட்டம் இது; சென்ற வருஷம் பார்த்த சரிவு இந்த வருஷம் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்தச் சித்திரை முதல் என் குறிப்பேட்டில் வந்த தேதிக்கு ஒன்றும் கடைசியாகக் கண்ட தேதிக்கு ஒன்றுமாக இரண்டு பத்திகள் கோடிட்டிருக்கிறேன். சின்னானுக்கு மட்டும் தனிப் பக்கம், மாதத்துக்கு ஒரு கட்டமாக. தேடியும் தென்படாத மாதத்தின் கட்டத்தில் காணவில்லை என்று எழுதி, எவ்வளவு நேரம் தேடினேன் என்பதையும், குன்றின் எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அருகிலேயே குறிப்பேன்.